ஐயனார் புரவியைக் கைபேசியில் நிறுத்த: கிராமத்துச் சுற்றுலாவுக்கு ஏஆர் பலகை வைக்கும் வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கம் வருகிறவர்கள் பெரிய வீட்டைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்க்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு வெளியே கோயில்காட்டில் வரிசையாக நிற்கும் மண்புரவிகள் எதற்காக, யார் செய்தவை, புரவிகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுவரும் புரவி எடுப்பு அன்று எந்தக் கோலத்தில் வந்தன என்று சொல்ல அங்கே பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. காது உடைந்து, சாயம் போய், மண்ணில் பாதி புதைந்த புரவிக்குப் பக்கத்தில் அதன் முழு உருவத்தை ஆள் உயரத்துக்குக் கைபேசித் திரையில் நிறுத்திக் காட்ட முடிந்தால், வந்தவர் இன்னும் கால் மணி நேரம் அங்கே நிற்பார். அடுத்து, புரவி செய்யும் குயவரான வேளார் வீடு எங்கே என்று கேட்பார். அதற்குத்தான் ஏஆர் என்கிற மிகை மெய்ம்மை.

இந்த வழிகாட்டி ஒரு புரவி, ஒரு பலகை, ஒரு கியூஆர் குறியீடு என்ற அளவுக்கானது. முதல் முயற்சிக்கு அது போதும். எந்த முடிவை எடுக்கும்போதும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில், ஒரு கோடு சிக்னலில் நிற்பவருக்கு இது அரை நிமிடத்தில் திறக்குமா? செய்து கொடுத்தவர் ஊரைவிட்டுப் போன பிறகும் வேலை செய்யுமா?

செயலி வேண்டாம். ஒரு புரவியைப் பார்க்க யாரும் செயலி இறக்க மாட்டார்கள். உலாவியிலேயே திறக்கிற வலைப்பக்கமாகச் செய்யுங்கள்.

1. இடம் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். கோயில், காடு, பலகை வைக்க நினைக்கும் ஓரம் மூன்றுக்கும் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று பேருடையதாக இருப்பது சாதாரணம்.

கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஊர்ப் பொதுவில் இருந்தால் ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். பூசாரி தலையாட்டியது அனுமதி ஆகாது. அவரைக் கேட்காமல் செய்வதும் தவறு. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னம் என்றால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே பலகைக்குக் குழி தோண்டும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். முக்காலி வைத்துப் படம் எடுப்பதற்கும் முன் அனுமதி வேண்டும்.

பலகை புறம்போக்கிலோ ஊராட்சிச் சாலையோரத்திலோ நிற்கப் போகிறது என்றால் ஊராட்சித் தீர்மானம் வாங்குங்கள். கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு இரண்டு வாரம் முன்பே மனுவைக் கொடுத்தால் அன்றைக்கே பேசவைக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமாக இருந்தால் தனி அலுவலரிடம் மனு கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் ஊராட்சித் தீர்மானம் செல்லாது. அவர்களிடம் தனியாக வாங்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கு ஒரு நகல் கொடுத்துவையுங்கள்.

பெரிய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர் இருப்பார்கள். சென்னை, மலேசியா என்று சிதறியிருப்பார்கள். சாவி வைத்திருக்கும் காவலாளி அன்பாகத் திறந்துவிடுவார். படம் எடுத்து, கணினியில் முப்பரிமாண மாதிரி செய்து, பலகையும் அடித்த பிறகு ஒரு பங்காளி ஆட்சேபித்தால் எல்லாம் வீண். அதனால்தான் புரவியிலிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

2. கைபேசித் தடையை மறக்காதீர்கள்

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கோயிலுக்குள் பார்க்கிற மாதிரி எந்த ஏஆர் காட்சியையும் திட்டமிடாதீர்கள். பலகையும், பார்வையாளர் நிற்கும் இடமும் மதிலுக்கு வெளியே இருக்கட்டும்.

ஊர்க் காட்டுக் கோயிலில் மதில் இருக்காது, ஆனால் எல்லை உண்டு. செருப்பைக் கழற்றும் இடம்தான் அந்த எல்லை. பலகையை அதற்கு வெளியே, புரவி வரிசை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிறுத்துங்கள். அப்போது காட்டுக்குள் மிதிபாடும் குறையும்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஊரைக் கேளுங்கள். புரவிக்குச் சரி, ஐயனாருக்கும் கருப்பருக்கும் வேண்டாம் என்பார்கள் பலரும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சாமியை யாரோ ஒருவர் வரவேற்பறையில் நிறுத்தி வீடியோ எடுத்துப் போடும் நிலைக்கு ஊர் ஆளாகக் கூடாது. உடைந்த புரவியை ஒட்டிச் சரிசெய்யும் யோசனையும் வேண்டாம். நேர்த்திக்கடன் செலுத்திய புரவி மழையிலும் வெயிலிலும் கரைந்து மண்ணோடு போவது அங்கே வழக்கம். திரையில் முழுதாகக் காட்டுங்கள், காட்டில் கை வைக்காதீர்கள்.

3. வேளாரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்

புரவியைச் செய்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அந்தக் குடும்பத்திடமும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த உருவம், எங்கே பயன்படும், விற்பனைக்கு அல்ல, பக்கத்தில் அவர் பெயர் வரும், எவ்வளவு தொகை, மாதிரிக் கோப்பை மூன்றாவது ஆளுக்குத் தரமாட்டோம் என்ற ஆறும் அதில் இருக்கட்டும். பொது இடத்தில் நிற்கும் சிற்பத்தைப் புகைப்படம் எடுக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதை நம்பி முப்பரிமாணப் பிரதி எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தொகை கொடுத்துவிட்டு எடுப்பதே முறை.

அவரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று: ஊரில் புரவி எடுப்பு வரப்போகிறதா? பிடிமண் (புரவி செய்யச் சொல்லி வேளாரிடம் ஊர் கொடுக்கும் கைப்பிடி மண்) கொடுத்தாகிவிட்டது என்றால் காத்திருங்கள். சூளையிலிருந்து எடுத்த புதுப் புரவியைக் கண் திறப்பதற்கு முன் அவர் வீட்டு முற்றத்திலேயே படம் எடுக்கலாம். உடைவு, செடி, நிழல், எல்லைத் தகராறு எதுவும் இல்லை. முதலில் சுட்ட மண் நிறத்தில் ஒரு தடவை, வண்ணம் பூசிய பின் ஒரு தடவை எடுத்தால் இரண்டு மாதிரிகள் கிடைக்கும்.

4. படம் எடுப்பது

இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன. ஒரு பொருளைச் சுற்றி எடுத்த பல புகைப்படங்களிலிருந்து மென்பொருள் அதன் உருவத்தைக் கட்டுவதற்கு ஒளிப்பட அளவியல் என்று பெயர். கைபேசியில் ரியாலிட்டிஸ்கேன், பாலிகேம் போன்றவை இதைச் செய்யும். கணினியில் மெஷ்ரூம் இலவசம். ஆனால் என்விடியா கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் அதை நம்பாதீர்கள்.

சுட்ட மண் இதற்குக் கொடுத்துவைத்த பொருள். பளபளப்பு இல்லை, எங்கு பார்த்தாலும் கீறலும் புள்ளியுமாக அடையாளம் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரும், மெருகு ஏறிய தேக்குத் தூணும், ஆத்தங்குடித் தரையும் இதற்கு நேரெதிர். ஒளி ஒவ்வொரு கோணத்திலும் வேறு இடத்தில் மின்னுவதால் மென்பொருளுக்கு ஒரே புள்ளி ஒரே இடத்தில் இருப்பதாகத் தெரியாது. தரை அலை அலையாகக் குழிந்து வரும். அந்தத் தரையை மாதிரியாக்க முயன்று நாளைக் கழிக்காதீர்கள்.

ஆறடிப் புரவிக்கு ஏறக்குறைய 180 படங்கள் வேண்டும். முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, மார்பு உயரத்தில் ஒரு சுற்று, கழியில் கட்டித் தலைக்கு மேலிருந்து ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 8 பாகைக்கு ஒன்று வீதம் 45 படங்கள். மூன்று சுற்றுக்கு 135. மீதியை முகம், காது, கழுத்துமணி, சேணம், கால்களுக்கு நடுவே என்று நெருங்கி எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களில் 70 விழுக்காடாவது ஒரே பகுதி இருக்க வேண்டும்.

வானம் மூட்டமாக இருக்கும் காலை நல்லது. வெயிலில் எடுத்தால் நிழல் மாதிரியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு மாலையில் பார்க்கிறவருக்குப் புரவியின் வயிற்றில் காலை நிழல் தெரியும். 30 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) படத்துக்குப் படம் மாறாதபடி பூட்டிவையுங்கள். பிளாஷ், போர்ட்ரெயிட் முறை, அழகூட்டும் வடிகட்டி எதுவும் வேண்டாம். கழுத்தில் மாலை இருந்தால் பூசாரியைக் கேளுங்கள், நீங்கள் தொடாதீர்கள்.

கிளம்பும் முன் டேப் பிடித்து மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: குளம்பிலிருந்து காது நுனி வரை, மூக்கிலிருந்து வால் வரை, முன்னங்கால்களுக்கு இடையே. புகைப்படத்திலிருந்து கட்டிய உருவத்துக்குத் தன் அளவு தெரியாது. இந்த எண்கள் இல்லாவிட்டால் புரவி பூனை அளவிலோ பனைமர உயரத்திலோ வந்து நிற்கும்.

5. மாதிரியை இளைக்க வைப்பது

மென்பொருள் தருகிற உருவத்தின் மேற்பரப்பு பல லட்சம் சிறு முக்கோணங்களால் ஆனதாக இருக்கும்; கோப்பு நூறு எம்பியைத் தாண்டினாலும் வியப்பில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்து இந்த வரிசையில் செய்யுங்கள். தரை, செடி, தூர மரம் எல்லாவற்றையும் வெட்டுங்கள். அளந்து வந்த உயரத்துக்கு உருவத்தை மாற்றி, அந்த அளவை நிரந்தரமாகப் பதியுங்கள். பதிய மறப்பது மிகச் சாதாரணமான தவறு. மையப் புள்ளியைக் குளம்புகளுக்கு நடுவே, தரை மட்டத்தில் வையுங்கள். வயிற்றில் இருந்தால் புரவி பாதி மண்ணுக்குள் போய்விடும். முக்கோணங்களை 60,000 அளவுக்குக் குறையுங்கள். உருவத்தின் மேல் போர்த்தப்படும் மேற்பரப்புப் படத்தை 2048 × 2048 அளவில் ஜேபெக் ஆக்குங்கள். பிஎன்ஜி ஆக விட்டால் அந்த ஒரு படமே பல எம்பி பிடிக்கும்.

இலக்கு 5 எம்பி. அதற்குக் கணக்கு இருக்கிறது. விநாடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் 5 எம்பி கோப்பு 20 விநாடியில் இறங்கும். 40 எம்பி என்றால் 160 விநாடி. அதற்குள் வந்தவர் காரில் ஏறிவிடுவார்.

உடைந்த காதையோ வாலையோ கணினியில் நீங்களே வளர்த்துச் சேர்த்தால், வேளாரிடம் காட்டிச் சரிபாருங்கள். பக்கத்தில் ‘காதும் வாலும் மீட்டுருவாக்கம்’ என்று எழுதிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி கோப்பு, ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட் கோப்பு என்று இரண்டையும் பிளெண்டரிலிருந்தே எடுக்கலாம்.

6. வலைப்பக்கமும் பெயரும்

கூகுள் இலவசமாகத் தரும் மாடல்-வியூவர் என்ற நிரல் துண்டு போதும். இரண்டு கோப்புகளின் முகவரியையும் கொடுத்து, ஏஆர் வசதியை இயக்கி, உருவத்தின் அளவு மாறாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் விரலால் சுருக்கிப் பொம்மையாக்கிவிடுவார்கள். ஆள் உயரம் என்ற பிரமிப்பே போய்விடும். பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும்.

எல்லா ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஏஆர் வராது. கூகுளின் ஏஆர்கோர் பட்டியலில் இல்லாத விலை குறைந்த கைபேசிகளில் பொத்தானே தெரியாது. அவர்களுக்குத் திரையில் புரவியைச் சுழற்றிப் பார்க்கும் காட்சியும், நான்கு வரி விளக்கமும், ஒலிப்பதிவும் முழுமையாகக் கிடைக்கட்டும். ஊர்க்காரர் ஒருவரின் குரலில் 90 விநாடி போதும். 64 கிலோபிட்டில் பதிந்தால் 720 கேபிதான் வரும்.

கிட்ஹப் பேஜஸ் தளத்தில் இலவசமாக ஏற்றலாம். தளத்துக்கு 1 ஜிபி, மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிபி என்று வரம்பு. 5 எம்பி புரவியை மாதம் 20,000 பேர் பார்க்கும் அளவு அது.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுப்பார். படிப்பு முடிந்து போவார், கடவுச்சொல்லும் கூடவே போகும். ஊர்க் குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, டொமைன் பெயரையும் (தளத்தின் சொந்த இணைய முகவரி) தளத்தையும் அதில் பதியுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, கூட்டக் குறிப்பேட்டோடு வையுங்கள். டொமைனை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

7. கியூஆரும் பலகையும்

இணையத்தில் ‘இலவசக் கியூஆர்’ என்று கிடைப்பவற்றில் பல, தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடுபவை. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்டு நின்றுவிடும். இரும்பில் அடித்த பலகை அன்றோடு செத்துவிடும். கியூஆருக்குள் உங்கள் சொந்த டொமைன் முகவரி நேரடியாக இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முகவரி குட்டையாக இருந்தால் கட்டங்கள் பெரிதாக வரும்.

பிழை திருத்த நிலையில் ‘எச்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 30 விழுக்காடு வரை கீறலும் எச்சமும் பட்டாலும் படிக்கும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து படிக்கப் பக்கம் 10 செ.மீ. வேண்டும், 12 செ.மீ. அடியுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளையாக விடுங்கள். அழகுக்காக அந்த ஓரத்தில் கோலமோ பூவோ வைக்க வேண்டாம்.

நம் ஊரில் கியூஆரைக் கண்டதும் கை பணம் அனுப்பும் செயலிக்குத்தான் போகிறது. அது ‘தவறான குறியீடு’ என்று சொல்லும். பலகை பழுது என்று போய்விடுவார்கள். ஆகவே கொட்டை எழுத்தில் ‘கைபேசிக் கேமராவில் காட்டுங்கள். கட்டணம் இல்லை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கேமரா படம் போடுங்கள்.

பிளெக்ஸ் வேண்டாம், ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். ஏசிபி என்ற அலுமினிய அடுக்குத் தகட்டில் வினைல் ஒட்டி, பளபளப்பு இல்லாத லேமினேஷன் போடச் சொல்லுங்கள். மின்னும் லேமினேஷனில் வானம் பிரதிபலித்துக் கேமரா குருடாகும். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் தமிழ் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்குங்கள். இல்லையென்றால் அங்கே எழுத்துரு மாறி ‘புரவி’யின் உகரக் கொம்பு தனியாகப் போய் நிற்கும்.

பலகை வடக்கு பார்த்தபடியோ வேப்ப மர நிழலிலோ இருக்கட்டும். நேர் வெயிலில் திரை தெரியாது. சித்திரை வெயிலில் கைபேசி சூடேறிக் கேமராவை நிறுத்திவிடும். முன்னால் பத்தடிக்குச் சமதரை வேண்டும். கல்லும் சருகும் கலந்த செம்மண் தரை நல்லது. ஒரே நிறச் சிமெண்ட் தளத்தில் தரை எங்கே என்று கைபேசி தேடிக்கொண்டே இருக்கும். குழி தோண்டும் முன் மூன்று நிறுவன சிம் கைபேசிகளோடு அதே இடத்தில் நின்று பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் சாலைத் திருப்பத்துக்கு நகர்த்துங்கள். ஏஆர் புரவிக்கு எந்த இடமும் இடம்தான்.

ஆத்தங்குடிக் கல்லையே அடையாளப் படமாக வைத்து, கேமராவைக் காட்டினால் வீடியோ ஓடவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். மைண்ட்ஏஆர் போன்ற நிரலால் படத்தை அடையாளம் காணமுடியும். ஆனால் அந்தக் கல்லின் பூ நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் எது மேல், எது கீழ் என்று அதற்குக் குழம்பும். அதற்குப் பதில் பட்டறையில் ஒரு கை, கண்ணாடி மேல் வைத்த அச்சுக்குள் வண்ணக் கலவை ஊற்றும் புகைப்படத்தை அடையாளமாக வையுங்கள். எந்த மூலையும் இன்னொரு மூலை மாதிரி இருக்காது.

8. செலவும் காலமும்

சொந்தக் கணினியும் கைபேசியும் இருந்தால், தோராயமாக இப்படி ஒதுக்குங்கள். டொமைன் ஐந்து ஆண்டுக்கு ரூ. 5,000. இரண்டுக்கு மூன்றடிப் பலகை, கம்பம், சிமெண்ட் சேர்த்து ரூ. 5,000. வேளாருக்கும் குரல் கொடுப்பவருக்கும் ரூ. 5,000, இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். மறு அச்சுக்கு ரூ. 1,000 எடுத்துவையுங்கள். உங்கள் ஊர் அச்சகத்தில் விலை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அனுமதிகளுக்கு இரண்டு மூன்று மாதம் விடுங்கள். படம் எடுக்க இரண்டு நாள், ஒன்று கெட்டால் மற்றொன்று. மாதிரிக்கு இரண்டு வாரம், அச்சுக்கு ஒரு வாரம். பயணிகள் கூடுதலாக வருவது மார்கழி, தை. அதற்குத் தயாராக இருக்க ஆடியிலேயே மனுவைக் கொடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையைப் பிடித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பம் நடாதீர்கள், சாய்ந்துவிடும்.

9. திறப்பதற்கு முன்னும் பின்னும்

பலகையை அடிக்கும் முன், சாதாரணத் தாளில் கியூஆரை அச்சிட்டு அதே இடத்தில் ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோதியுங்கள். பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, புதியது ஒன்று, ஐபோன் ஒன்று. காலை 8, பகல் 12, மாலை 5 மணி. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் கைபேசியைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் முறை திறக்கும்போது வரும் கேமரா அனுமதிக் கேள்வியில்தான் பலர் ‘வேண்டாம்’ என்று அழுத்துகிறார்கள். அதற்கு முன்பே ‘கேமராவுக்கு அனுமதி கொடுங்கள், படம் எதுவும் சேமிக்கப்படாது’ என்று ஒரு வரி இருக்கட்டும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இணைப்பைத் திறப்பவர்களுக்குப் பொத்தான் வேலை செய்யாமல் போகலாம்; ‘குரோமில் திறக்கவும்’ என்ற குறிப்பையும் சேருங்கள்.

வேளார் வீட்டு நேரம், கல் பட்டறை விடுமுறை, சாப்பாடு கிடைக்கும் வீடு எல்லாம் வலைப்பக்கத்தில் இருக்கட்டும், பலகையில் வேண்டாம். பக்கத்தை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

மாதம் ஒருமுறை, அமாவாசைப் பூசைக்குப் போகிறவர் ஒருவரே பலகையையும் பார்த்துவரட்டும். எச்சத்தைத் துடைத்து, ஸ்கேன் செய்து, புரவி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். கியூஆரின் மேல் வேறு யாராவது பணம் வாங்கும் குறியீட்டை ஒட்டியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் தூக்கியிருந்தால் உடனே உரித்துவிட்டு ஊராட்சிக்குத் தெரிவிக்கட்டும்.